வரைபடத்தில் கடைசி ஆள்

வீட்டில் அவளுக்கு ரெண்டுங்கெட்டான் என்று பெயர். வைத்தவர் அக்காவின் கணவர். பெயரில் விஷம் இல்லை. அவள் படித்த படிப்பு அப்படி.

கணினியும் வணிகமும் சேர்ந்த பட்டம். நிரல் எழுதும் வகுப்பு கட்டடத்தின் ஒரு கோடியில், குளிரூட்டிய அறையில் நடக்கும். கணக்கியலும் சந்தையியலும் மறுகோடியில், மின்விசிறிக்குக் கீழே. நடுவே நீண்ட நடைபாதை. அதில் அவளுடைய வகுப்பு மாணவர்கள் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு இங்குமங்கும் ஓடுவார்கள். நிரல் வகுப்பில் அவர்களை விருந்தாளிகள்போல நடத்தினார்கள். கஷ்டமான கேள்வி கேட்பதில்லை. சந்தையியல் வகுப்பில் திரை வேலை செய்யவில்லையென்றால் எல்லாத் தலையும் அவர்கள் பக்கம் திரும்பும்.

"அங்க போனா கடைக்காரி, இங்க வந்தா மெக்கானிக்கா?" என்பார் அத்தான். "ஏதாவது ஒண்ணைப் படிச்சுத் தொலைச்சிருக்கலாம்ல."

"ரெண்டும் தெரிஞ்சவங்கதான் இப்ப தேவை, அத்தான்."

"யாருக்கு?"

"எனக்கு," என்று உள்ளேயிருந்து அக்கா குரல் கொடுப்பாள். "வாஷிங் மெஷின் பாதியில நிக்குது. வந்து பார்க்கச் சொல்லுங்க."

படிப்புக்கு அவள் நேராக வரவில்லை. பள்ளி முடித்ததும் ஒரு மருந்துக்கடையில் பில் போட்டாள். அங்கிருந்த கணினி அடிக்கடி உறைந்து நின்றுவிடும். வரிசையில் நிற்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். எதை அழுத்தினால் என்ன ஆகிறதென்று தட்டுத்தடுமாறி அவளே கண்டுபிடித்தாள். குற்றம் கணினியுடையது அல்ல. கடைக்காரர் எப்போதோ விற்றுத் தீர்ந்த மருந்துகளின் பெயரைக்கூட அழிக்க மனம் வராமல் வைத்திருந்தார். ஒவ்வொரு பில்லுக்கும் அது அத்தனையையும் துழாவவேண்டியிருந்தது. அதைச் சொன்னபோது அங்கிருந்த மருந்தாளர், "உனக்கு மெஷினும் தெரியுது, கடையும் தெரியுதே," என்றார். பேச்சுவாக்கில் சொன்னதுதான். ஆனால் அவளைப் பற்றி யாரும் அதுவரை இரண்டு நல்ல விஷயங்களைச் சேர்த்துச் சொன்னதில்லை.

அப்பாவும் அம்மாவும் போனபின் அக்கா வீடுதான் வீடு. மூன்றாவது மாடி. பால்கனிக் கதவுக்கும் துணி உலர்த்தும் கம்பிக்கும் நடுவில் அவளுடைய மேசை. அத்தானின் வேலைச் சட்டைகள் அவள் தலைக்கு மேலே தொங்கும். சில நாள் அவை அவளுடைய குறிப்புகள்மேல் சொட்டும். இருபத்தேழு வயதில், தன்னைவிடச் சின்னவர்களோடு உட்கார்ந்து, அவள் இறுதியாண்டு வரை வந்திருந்தாள்.

இறுதியாண்டில் ஒரு நிஜ நிறுவனத்துக்குள் போகவேண்டும். அங்கே வேலை எப்படி நடக்கிறதென்று பார்த்துப் படம் போட்டு, அதற்கு ஓர் அமைப்பைச் செய்து கொடுத்து, முதலாளியிடம் கடிதம் வாங்கி வரவேண்டும். கடிதம் இல்லையென்றால் பட்டம் இல்லை. அவள் ஏறி இறங்கிய இடங்களில் எல்லாம் காப்பி கொடுத்து வழியனுப்பினார்கள்.

"எங்க குடோனுக்கு வாயேன்," என்றார் அத்தான். "முதலாளிகிட்ட நான் சொல்றேன். என் பேச்சை அவர் தட்டமாட்டார்."

குடோன் முழுக்கக் கதவுச் சாமான். கீல், தாழ்ப்பாள், பூட்டு, கைப்பிடி. கடைகளிலிருந்து ஆர்டர் சீட்டு வரும். ஆறு பேர் ஆளுக்கொரு தள்ளுவண்டியோடு அலமாரிச் சந்துகளுக்குள் போய், சீட்டில் உள்ள சரக்கை எடுத்துவந்து பேக்கிங் மேசையில் இறக்கவேண்டும். அத்தான் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த ஆறு பேரில் ஒருவர்.

முதலாளி உட்கார்ந்து பேசி யாரும் பார்த்ததில்லை. கையில் எப்போதும் ஏதாவது ஒரு கீலை மடக்கி விரித்துக்கொண்டிருப்பார்.

"என் கொழுந்தியா, சார்," என்றார் அத்தான். "கம்ப்யூட்டர், பிசினஸ் ரெண்டும் படிக்குது." ரெண்டும் என்ற சொல்லை அன்று அவர் வேறு மாதிரி சொன்னார்.

அவள் செய்யவிருந்த அமைப்பு சிக்கலானது அல்ல. ஆறு பேருக்கும் உள்ளங்கை அளவில் ஒரு கருவி. சீட்டு கைக்கு வந்ததும் 'ஆரம்பம்' என்று தட்டவேண்டும். சரக்கை மேசையில் இறக்கியதும் 'முடிவு.' யார் எத்தனை சீட்டு முடித்தார்கள், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் என்று சேர்த்து ஒரு மதிப்பெண் வரும். மதிப்பெண்கள் பட்டைகளாகத் திரையில் நிற்கும், உயரமானது இடப்பக்கம், குட்டையானது வலப்பக்கம்.

கருவிகள் வரத் தாமதமானது. முதலாளிக்கு முன்னோட்டம் காட்டவேண்டிய தேதி நகரவில்லை. அவளுக்கு வழிகாட்டிய பேராசிரியை பதறவில்லை.

"சும்மா எண்ணைப் போட்டுக் காட்டும்மா. எல்லாரும் அதைத்தான் செய்றாங்க. ஆனா பேர் நிஜமா இருக்கட்டும். ஊழியர் ஒன்று, ஊழியர் இரண்டுன்னு போட்டா முதலாளிங்க கொட்டாவி விடுவாங்க."

அவள் ஆறு பேரின் பெயரையும் எழுதி, எதிரே கணினியே ஏதாவது ஓர் எண்ணைப் போட்டுக்கொள்ளும்படி செய்தாள். விசையைத் தட்டினால் எண்கள் மாறும், பட்டைகள் குதிக்கும். முதல் தடவை எல்லாப் பட்டையும் ஏறக்குறைய ஒரே உயரம். அது எதையும் சொல்லவில்லை. மறுபடி தட்டினாள். இரண்டு பேர் சமம். அதுவும் அழகாக இல்லை. தட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒரு நல்ல வடிவம் வந்தது. இடது கோடியில் ஒரு கோபுரம், படிப்படியாக இறங்கி, வலது கோடியில் ஒரு கட்டைவிரல். கட்டைவிரலுக்குக் கீழே அத்தானின் பெயர்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வீட்டில் காட்டலாம். ரெண்டுங்கெட்டானுக்குப் பதில் சொன்ன மாதிரி இருக்கும். அதை அப்படியே நிறுத்தி வைத்தாள். அடியில் பொடி எழுத்தில், இவை உண்மையான எண்கள் அல்ல என்று எழுதினாள்.

முன்னோட்டத்தன்று திரையின் அடிப்பாகம் மேசையிலிருந்த தண்ணீர் பாட்டில்களுக்கும் பைகளுக்கும் பின்னால் போய்விட்டது. வாயாலும் சொன்னதாகத்தான் அவளுக்கு ஞாபகம். ஆனால் அதைச் சொன்னபோது முதலாளி செல்போனை உயர்த்திப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, வரைபடத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சில நாட்கள் அத்தான் அவளைப் பெயர் சொல்லிக் கேலி செய்யவில்லை. சாப்பிட்டார், எழுந்தார், டிவியைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். அவளுக்கு முதலில் நிம்மதியாகக்கூட இருந்தது.

அக்கா துணி காயப்போட வந்தாள். ஒரு சட்டையை உதறி, கம்பியில் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"அவரை ரிட்டனுக்குப் போடப்போறாங்களாம்."

ரிட்டன் என்பது குடோனின் பின்கோடி. கடைகள் திருப்பியனுப்பிய சரக்கு, உடைந்த பெட்டி, ஜோடி போன கீல் எல்லாம் அங்கே குவிந்துகிடக்கும். ஜன்னல் கிடையாது. தனியாக உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருக்கவேண்டும். யாரையும் வேலையைவிட்டுப் போகச் சொல்ல முதலாளிக்கு நாக்கு எழாது. ரிட்டனுக்கு அனுப்புவார். கொஞ்ச நாளில் அவர்களே வராமல் நின்றுவிடுவார்கள்.

"ஏன்?"

"உன் கம்ப்யூட்டர் சொல்லுச்சாமே, அவர்தான் ரொம்ப மந்தம்னு. இந்த மாசம் முழுக்க மெஷினை வெச்சுப் பார்ப்பாங்களாம். அப்பவும் கடைசின்னா ரிட்டன்."

"ஐயோ அக்கா, அது சும்மா போட்ட எண்."

"யார் போட்டா?"

"நான்தான்."

"நீயா? அவரைக் கடைசில?"

"விளையாட்டுக்கு விட்டுட்டேன்."

அக்கா சட்டையைக் கம்பியில் போட்டாள். கிளிப்பை மாட்டினாள். "யார்கூடடி விளையாடறே?" என்றாள். அதைக் கத்திச் சொல்லியிருந்தால் தேவலை.

மறுநாள் காலையில் அவள் முதலாளியின் முன்னால் நின்றாள். மென்று விழுங்காமல் சொல்லிவிட்டாள். படத்திலிருந்தது எதுவும் நிஜம் இல்லை, கணினி குருட்டுத்தனமாகப் போட்ட எண், இன்னொரு தடவை தட்டியிருந்தால் வேறு யாராவது கடைசியில் இருந்திருப்பார்கள்.

முதலாளி கீலை மடக்கினார். "சரி."

"அப்ப அத்தானை..."

"எண் பொய்யா இருக்கலாம்மா. ஆனா எனக்கும் ரொம்ப நாளா அப்படித்தான் தோணிக்கிட்டிருந்துச்சு. உன் படத்தைப் பார்த்ததும் பட்டுனு விளங்கிடுச்சு."

"எப்பலேர்ந்து சார் தோணுச்சு?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "கொஞ்ச நாளா," என்றார். பிறகு, "எதுக்கு வீண் பேச்சு? மெஷின் வந்தாச்சு. நிஜ எண் ஓடிக்கிட்டிருக்கு. மாசக் கடைசில உன் படத்தையே பார்ப்போம். நியாயம்தானே?"

நியாயம்தான் என்று அவளுக்கும் பட்டது. அவள் படித்த எல்லாப் புத்தகத்திலும் அதுதான் எழுதியிருந்தது.

அன்று மாலை வீட்டில் மடிக்கணினியை அத்தானின் மடியிலேயே வைத்தாள். தட்டிக் காட்டினாள். பட்டைகள் குதித்தன. அத்தான் மூன்றாவது. மறுபடி தட்டினாள். ஐந்தாவது.

"நானே தட்டறேன்," என்று அவர் விரலை நீட்டினார். தட்டினார். இன்னும் தட்டினார். "என்னடா இது, ஒரு தடவைகூட முதல் ஆளா வரமாட்டேங்கறேன்."

"அதிர்ஷ்டம் அத்தான், அவ்வளவுதான்."

"அதுலகூட மந்தமா நான்?" சிரித்தார். பல நாளுக்குப் பிறகு சிரித்தார். ஆனால் மடிக்கணினியை மூடித் திருப்பிக் கொடுத்தபோது, "மனசைத் தேத்தறதுக்காக ஏதோ செஞ்சு காட்டறே. பரவாயில்லை. எனக்கே தெரியும், முன்ன மாதிரி ஓடமுடியலை," என்றார்.

பொய்யை அவர் உடனே நம்பியிருந்தார். உண்மையை நம்பவைக்க அவளிடம் வேறு எதுவும் இல்லை. அவர் முன்பு எவ்வளவு வேகம் என்பது எங்கேயும் பதிவாகவில்லை. நிஜ எண் வரட்டும் என்று காத்திருந்தாள்.

நிஜ எண் வந்தது. மாதம் பாதி தாண்டியபோது அவள் திறந்து பார்த்தாள். ஆறாவது பட்டை அத்தான். அதுவும் நூலிழையில் கடைசி இல்லை. மற்ற ஐவரும் எங்கேயோ மேலே இருந்தார்கள், அவர் மட்டும் தரையில்.

பட்டையை விட்டுவிட்டு, அதற்கு அடியிலிருந்த பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. கடைசிச் சந்திலிருந்து பூட்டு, முதல் சந்திலிருந்து தாழ்ப்பாள், மாடித்தட்டிலிருந்து கைப்பிடி என்று நீளும் ஒரு சீட்டை ஒருவர் கண்சிமிட்டும் நேரத்தில் முடித்திருந்தார். பறந்தால்கூட முடியாது. அப்படி ஒன்றிரண்டு இல்லை.

அவள் குடோனுக்குப் போய் ஒரு தூணோரம் நின்று பார்த்தாள். சீட்டு வந்ததும் அவர்கள் அதை மடித்துச் சட்டைப்பையில் போட்டார்கள். போய்ச் சரக்கையெல்லாம் எடுத்தார்கள். மேசைக்குப் பக்கத்தில் வந்தபின் 'ஆரம்பம்' தட்டி, உடனே 'முடிவு' தட்டினார்கள். சிலர் கொஞ்சம் கூச்சத்தோடு பாதி வழியில் தட்டினார்கள்.

இந்த வித்தையைக் கண்டுபிடித்தவர் சிரிப்பு. அவரை எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அத்தானோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர். அவள் பார்த்துவிட்டதைக் கண்டு பக்கத்தில் வந்தார்.

"என்ன தங்கச்சி, முழிக்கறே? உன் மெஷினுக்கு நாங்க சோறு போடறோம். அது எதைக் கேக்குதோ அதைத்தானே போடணும்?"

"இப்படிச் செஞ்சா அத்தான் கடைசில போயிடறாரே, அண்ணா."

அவர் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. "அவன்கிட்ட எத்தனை தடவை சொன்னேன் தெரியுமா? கேக்கவே மாட்டேங்கறான். நீ சொன்னாலாவது கேப்பான்."

அவள் சொன்னாள். அத்தானைச் செருப்பைக் கழற்றக்கூட விடாமல், வாசலிலேயே சொன்னாள். மற்றவர்கள் மாதிரியே நீங்களும் கடைசியில் தட்டுங்கள்.

அவர் அவளை விசித்திரமாகப் பார்த்தார். "எங்க ஆறு பேரையும் நிக்கவெச்சுப் பாடம் எடுத்தது யாரு? சீட்டு கைக்கு வந்ததும் தட்டணும், இல்லைன்னா இந்த அமைப்புக்கே அர்த்தமில்லைன்னு சொன்னது யாரு? எல்லாருக்கும் முன்னால தலையாட்டினது நான்."

"அது அப்ப, அத்தான்."

"அவங்கல்லாம் பின்னாடி முணுமுணுத்தாங்க. நான்தான் சொன்னேன், எங்க வீட்டுப் பொண்ணு செஞ்சது, ஒழுங்கா செய்வோம்னு. இப்ப நானே திருட்டுத்தனமா தட்டவா?" செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "போ, போய்ப் படி."

ஒருவர் மட்டும் சொன்னபடி செய்தார். அதனால்தான் கடைசி.

பேராசிரியை கேட்டுவிட்டு உற்சாகமானார். "ரொம்ப நல்ல பிரச்சினை. நடக்கவே முடியாத நேரம் உள்ள பதிவை எல்லாம் தூக்கிடு. இவ்வளவுக்குக் கீழே இருந்தா எடுத்துக்கமாட்டோம்னு ஒரு எல்லை வை."

"எவ்வளவுன்னு வைக்கிறது, மேடம்?"

"அதை நீதான் முடிவு பண்ணணும். கம்ப்யூட்டர் மட்டும் படிச்சவனுக்கு அது தெரியாது. வியாபாரம் மட்டும் படிச்சவனுக்கு அதைச் செய்யத் தெரியாது. உன் படிப்பே அதுக்குத்தான்."

துணிக்கம்பிக்குக் கீழே உட்கார்ந்து அவள் எல்லையை வைத்துப் பார்த்தாள். மிகக் குறைவாக வைத்தால் மேசையருகே தட்டிய பதிவுகளில் சில மட்டும் போயின. அத்தான் இன்னும் கடைசி. கொஞ்சம் ஏற்றினாள். கண்ணாடிக்காரர் என்று ஒருவர் உண்டு, யார் வம்புக்கும் போகாதவர். அவருடைய பட்டை சடசடவென்று இறங்கி வலது கோடிக்குப் போனது. இன்னும் ஏற்றினாள். பாதி வழியில் தட்டிய பதிவுகளும் உதிர்ந்தன. அத்தான் மேலே ஏறி நான்காவது ஆனார். சிரிப்பின் பட்டை கட்டைவிரலானது. அவருடைய பதிவுகளில் பெரும்பாலும் எதுவும் மிஞ்சவில்லை.

எண்ணை மேலும் கீழுமாக நகர்த்திக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் போய் அந்த மூலையில் நின்றார். மூலை காலியாகவே இல்லை.

தான் மறுபடியும் தட்டிக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. மூடிவிட்டாள். இப்படி வேண்டாம். யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்காமல், நடந்து, அளந்து, வருகிற எண்ணை வைக்கவேண்டும். ஆனால் எந்த எண்ணில் யார் விழுகிறார்கள் என்பதை அவள் பார்த்தாகிவிட்டது. பார்த்ததை எடுத்துப் போட வழியில்லை.

சாப்பாட்டு இடைவேளையில் குடோன் அமைதியாக இருந்தது. அவள் செல்போனில் கடிகாரத்தை ஓடவிட்டு, மேசையிலிருந்து நடந்தாள். இருப்பதிலேயே அருகிலுள்ள தட்டுவரை போய், ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பினாள். இதைவிடக் குறைந்த நேரத்தில் யாராலும் ஒரு சீட்டை முடிக்கமுடியாது. எண்ணைப் பார்த்தாள். கண்ணாடிக்காரர் விழும் இடம்.

பெஞ்சிலிருந்து சிரிப்பு குரல் கொடுத்தார். "என்ன தங்கச்சி, டாக்டர் நடக்கச் சொன்னாரா?"

பக்கத்தில் அத்தான் டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலை தூக்கவில்லை.

தள்ளுவண்டி இல்லாமல் நடந்தது சரியில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அது நியாயமான எண்ணமும்கூட. ஒரு வண்டியை எடுத்துக்கொண்டாள். காலி வண்டியும் சரியில்லை. நான்கு பெட்டி பூட்டை ஏற்றினாள். மறுபடி நடந்தாள். வளைவில் வண்டி முரண்டு பிடித்தது. அவள் அதை இழுத்துத் திருப்பவில்லை. அதுவாகத் திரும்பும்வரை விட்டாள். மேசைக்கு வந்து எண்ணைப் பார்த்தாள். கண்ணாடிக்காரரைத் தாண்டியிருந்தது.

அந்த எண்ணை வைத்தாள். சரக்கேற்றிய வண்டியோடு நடந்து அளந்த நேரம் என்று அறிக்கையில் எழுதினாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

மாதக் கடைசியில் முதலாளி நின்றபடியே படத்தைப் பார்த்தார். அத்தான் நான்காவது. முதலாளியின் புருவம் உயர்ந்தது. விரல் வலது கோடியில் சிரிப்பின் பட்டைக்குப் போனது.

"இவனா?"

"சார், கடைசில இருக்கறதால அவர் மெதுவானவர்னு அர்த்தமில்லை. அவரோட பதிவு நிறைய எடுத்துக்க முடியலை. அதனால பட்டை சின்னதா இருக்கு. அவர் செஞ்ச வேலை இதுல தெரியலை, அவ்வளவுதான்."

"ஏன் எடுத்துக்க முடியலை?"

"பதிவு முறையில ஒரு பிழை."

"பிழைன்னா?"

முதலாளி பதிவுகளைப் பார்த்தார். அவர் வியாபாரம் நடத்துகிறவர். புரிந்துகொள்ள நேரம் ஆகவில்லை. "ஏமாத்திருக்கான். அதைத்தான் நீ நாசூக்கா சொல்றே."

"அத்தானைத் தவிர எல்லாருமே கொஞ்சம்..."

"எல்லாரும் கொஞ்சம். இவன் நிறைய."

"இல்லை சார். எல்லையை வேற இடத்துல வெச்சா வேற ஒருத்தர் வருவார். இந்தப் படத்தை வெச்சு ஆளை முடிவு பண்ணாதீங்க. இதுக்கு அர்த்தமில்லை."

முதலாளி கீலை மேசைமேல் வைத்தார். "உங்க அத்தான் கடைசில இருந்தப்ப அர்த்தமில்லைன்னு ஓடிவந்தே. இப்ப வேற ஒருத்தன் கடைசில இருக்கான், இப்பவும் அர்த்தமில்லை. எப்பத்தான்மா இதுக்கு அர்த்தம் வரும்?"

"ஆறு பேரை வரிசையா நிறுத்தினா ஒருத்தர் கடைசில நின்னுதான் ஆகணும், சார்."

"அந்த ஒருத்தன் யாருன்னு தெரியத்தானே மெஷின்."

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து கடிதத்தை எடுத்தார். ஏற்கெனவே தட்டச்சு செய்து வைத்திருந்தார். கையெழுத்துப் போட்டு நீட்டினார். நிறுவனத்துக்கு மிகவும் பயனுள்ள அமைப்பு என்று அதில் இருந்தது. அவள் அதை வாங்கிக்கொண்டாள். வாங்காமல் வந்திருக்கலாம் என்பது வெளியே, பேருந்து நிறுத்தத்தில்தான் தோன்றியது. அப்போதும் கடிதம் கசங்காமல் இருக்கப் பையை நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

வாய்மொழித் தேர்வில் இரண்டு பேர் இருந்தார்கள். கணினிக்காரர் எல்லை எப்படி வைக்கப்பட்டது என்று கேட்டார். வணிகக்காரர் நிறுவனம் இதை வைத்து ஏதாவது முடிவெடுத்ததா என்று கேட்டார். எடுத்தது என்றாள். என்ன முடிவு என்றார். ஓர் ஊழியரை இடம் மாற்றினார்கள் என்றாள். "அருமை," என்று குறித்துக்கொண்டார். அந்த ஊழியரைப் பற்றி அவள் மேலும் சொல்ல வாயெடுத்தபோது வெளியே அடுத்த மாணவன் கதவைத் தட்டினான்.

வீட்டுக்கு வந்து, தேறிவிட்டேன் என்றாள். அக்கா கட்டிக்கொண்டாள். அத்தான் வேலையிலிருந்து வரச் சற்று நேரமானது. நாற்காலியில் உட்கார்ந்து முழங்கைகளைத் தொடையில் ஊன்றிக்கொண்டார்.

"பாஸ் பண்ணிட்டாளாம்," என்றாள் அக்கா.

"பண்ணுவாள்னு தெரியும்." அவளைப் பார்த்துச் சிரித்தார். "இனிமே உன்னை என்னன்னு கூப்பிடறது?"

அவள் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"சிரிப்பை ரிட்டனுக்குப் போட்டாச்சு," என்றார். "போறப்பகூட சும்மா போகலை. 'திரும்பி வந்த சரக்கெல்லாம் இங்க இருக்கு, திரும்பி வந்த ஆளை மட்டும் காணோமே'ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. மத்தியானம் சாப்பாட்டுக்கு பெஞ்சுக்கு வரலை. நான் டப்பாவை எடுத்துக்கிட்டு உள்ள போனேன். பசிக்கலைன்னுட்டான்."

அக்கா, "உங்க தலை தப்புச்சே. அதை நினைங்க," என்றாள்.

"தப்புச்சு." அவர் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவனுக்கும் ஒரு கொழுந்தியா இருந்திருக்கணும்."

"அத்தான், நான் உங்களுக்காக எதுவும் செய்யலை. நடந்து, அளந்து..."

"சேச்சே. உன்னைச் சொல்லலை. நான் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன், வண்டியெல்லாம் தள்ளிக்கிட்டு அளந்தியே. நீ அப்படிச் செய்யற ஆளா?" அதில் கேலி இல்லை. முழுக்க நம்பிச் சொன்னார்.

அக்கா தட்டு எடுத்துவைக்கப் போனாள். அவள் துணிக்கம்பிக்குக் கீழே போய் நின்றாள். மேசைமேல் கடிதத்தின் நகல் இருந்தது. திரும்பி வந்தாள்.

"அவர் வீடு எங்க இருக்கு?"

"யார் வீடு?"

"சிரிப்பு அண்ணா வீடு."

"எதுக்கு? போய் என்ன சொல்லப்போறே? வருத்தம்னா? அவன் அதுக்கும் ஒரு ஜோக் வெச்சிருப்பான்."

"ரெண்டாவது தடவை மெதுவா நடந்தேன்னு சொல்லப்போறேன்."

அத்தானுக்கு உடனே விளங்கவில்லை. பிறகு அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. கோபம்போலவும் இருந்தது, வேறு ஏதோ போலவும் இருந்தது. அக்கா உள்ளேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டாள். இருவரும் போகவில்லை.

"முதலாளிகிட்ட?" என்றார்.

"நாளைக்கு. முதல்ல அவர்கிட்ட."

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். எழுந்து கதவருகே போனார். ஓரமாக வைத்திருந்த செருப்பைக் காலால் தேடி மாட்டிக்கொண்டார்.

"தனியாப் போனா வழி கண்டுபிடிக்க மாட்டே," என்றார்.